திருட்டு முழியில் தொடங்கியது: நாய் நடத்தை ஆய்வுக்கூடத்துக்குப் போன ஒரு தோட்டத்துப் பெண்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் செவ்வாயும் வியாழனும் கோயில் மண்டபத்தில் மாலை நேர அறிவியல் வகுப்பு நடத்துகிறேன். நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகள் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். மற்றவர்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு, தாமான் என்ற குடியிருப்புப் பகுதிக்குக் குடிபோன குடும்பத்துப் பிள்ளைகள். அந்த வகுப்பில் படித்த ஒரு பெண் பல்கலைக்கழகத்தின் நாய் நடத்தை ஆய்வுக்கூடத்தில் எப்படி இடம் பிடித்தாள், நடுவில் எப்படி அதை விட்டுவிட இருந்தாள் என்பதை அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவள் பெயரும் வேண்டாம், பல்கலைக்கழகத்தின் பெயரும் வேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டோம்.

எழுதத் தூண்டியது வருடா வருடம் கேட்கும் ஒரு கேள்வி. "டீச்சர், எனக்கு நாய் பூனைன்னா உயிரு. ஆனா வெட் படிக்க பாயிண்ட் பத்தாது. வேற ஏதாவது இருக்கா?" கால்நடை மருத்துவம் நம் நாட்டில் புத்ரா பல்கலைக்கழகத்திலும் கிளந்தான் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. ஐந்து வருடப் படிப்பு, இடமும் குறைவு. அந்தக் கதவு மூடினால் எல்லாம் முடிந்தது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். விலங்கு நடத்தை என்று ஒரு துறை இருப்பதும், உயிரியலோ விலங்கியலோ உளவியலோ எடுத்தவர்கள் அதற்குள் போகலாம் என்பதும் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. எனக்கே ரொம்ப நாள் தெரியாமல்தான் இருந்தது.

கருவாடு

இவளுடைய அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். பாட்டி அந்தக் காலத்தில் ரப்பர் பால்மரம் வெட்டியவர். வீட்டில் ஜிம்மி என்று ஒரு பழுப்பு நாய். கட்டிப் போடுவதில்லை. பகலில் லயம் முழுக்கச் சுற்றும், ராத்திரி வாசலில் படுக்கும்.

ஐந்தாம் படிவம் படிக்கும்போது ஒருநாள் வகுப்புக்குச் சிரித்துக்கொண்டே வந்தாள். வாசலில் முறத்தில் காயப்போட்ட கருவாட்டைக் காணவில்லையாம். பாட்டி ஜிம்மியைப் பிடித்துத் திட்டியிருக்கிறார். காது பின்னால் ஒட்டிக்கொண்டது, வால் காலுக்கு நடுவே போனது, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. "அந்தத் திருட்டு முழியைப் பாரு, அதுவே சொல்லுதே நான்தான் தின்னேன்னு" என்று பாட்டி முடிவு சொல்லிவிட்டார். சாயங்காலம் பார்த்தால், கொய்யா மரத்தடியில் பக்கத்து வீட்டுப் பூனை கருவாட்டுத் தலையைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம் ஏன் ஜிம்மி அப்படி முழித்தது? அவள் கேட்ட கேள்விக்கு ஒரு ஆய்வே இருக்கிறது. நியூயார்க்கில் பார்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்டது. 14 நாய்கள். உரிமையாளர் தின்பண்டத்தைக் காட்டி, தொடாதே என்று சொல்லிவிட்டு அறையை விட்டுப் போவார். திரும்பி வரும்போது, நாய் தின்றுவிட்டது என்று சில நேரம் உண்மையாகவும் சில நேரம் பொய்யாகவும் அவரிடம் சொல்வார்கள். அவர் நாயைத் திட்டுவார், அல்லது கொஞ்சுவார். பார்த்தால், திருட்டு முழிக்கும் தின்றதற்கும் சம்பந்தமே இல்லை. திட்டு விழுந்தால் அது வந்தது. எதையும் தின்னாமல் அநியாயமாகத் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் இன்னும் அதிகமாகத் தெரிந்தது.

இதைச் சொன்னதும் அவள் முகத்தில் வந்த மாற்றம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அப்படின்னா பாட்டி பார்த்தது ஜிம்மியோட மனசை இல்லை, பாட்டியோட கோபத்தைத்தானே டீச்சர்?"

முதல் கடிதம், இரண்டாம் கடிதம்

ஐந்தாம் படிவக் கடைசியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை முடித்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படித்து, கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் உயிரியல் பட்டத்தில் சேர்ந்தாள். முதல் வருடக் கடைசியில், அதே பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையாளர் மாணவர்கள் சிலரை வைத்துக்கொண்டு வீட்டு நாய்களின் நடத்தையை ஆராய்கிறார் என்று தெரிந்தது. உடனே மின்னஞ்சல் எழுதினாள். பதில் இல்லை. இரண்டு வாரம் கழித்து அதையே மறுபடி அனுப்பினாள். அதற்கும் இல்லை.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அந்தக் கடிதத்தைக் காட்டினாள். நல்ல ஆங்கிலம், பிழை இல்லை. சிறு வயதிலிருந்தே நாய்கள் மீது அளவில்லாத அன்பு, கடுமையாக உழைப்பேன், வாய்ப்புத் தந்தால் நன்றியோடு இருப்பேன். அவ்வளவுதான். இப்படி ஒரு கடிதத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதுகிறார்கள். நாய் மேல் அன்பு இருப்பவர்கள் அந்தக் கூடத்து வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே தேவைப்படுவது, பார்த்ததைப் பார்த்தபடி எழுதத் தெரிந்த ஆள்.

சரி, அதைப் பழகிப் பார் என்றேன். விடுமுறை முழுக்க லயத்து நாய்களைப் பார்த்து எழுதினாள். ஒரு நேரத்தில் ஒரே நாய், இருபது நிமிடம், அது என்ன செய்தாலும் கண்ணை எடுக்கக்கூடாது. வேறு நாய் சண்டை போட்டாலும் அந்தப் பக்கம் போகக்கூடாது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. பின்னாளில் கென்யாவின் அம்போசெலியில் பபூன் குரங்குகளை ஆராய்ந்து பெயர்பெற்ற ஜீன் ஆல்ட்மன், நடத்தையைக் கவனிக்கும் முறைகளை 1974இல் ஒரு நீண்ட கட்டுரையில் வகைப்படுத்தி வைத்தார். விலங்கு நடத்தை படிக்கிறவர்கள் இன்றும் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள். கண்ணைக் கவர்வதை மட்டும் எழுதினால் கணக்கு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும் என்பதுதான் அதன் சாரம்.

முதல் நாள் குறிப்பேட்டில் எழுதியிருந்தாள்: "பாட்டி கத்தியதும் ஜிம்மி பயந்துபோய் மன்னிப்புக் கேட்டது." அதை அடித்துவிட்டு, என்ன தெரிந்தது என்று மட்டும் எழுதச் சொன்னேன். பத்தாவது நாள் குறிப்பு இது: "6.40. பாட்டி குரல் உயர்கிறது. காது பின்னால். வால் தாழ்கிறது. தலை இடப்பக்கம். நாக்கு மூக்கைத் தொட்டு உள்ளே போகிறது. 6.41. பாட்டி உள்ளே போகிறார். ஜிம்மி உடம்பை உதறுகிறது, படுக்கிறது." இதில் பயம் என்ற சொல் எங்குமே இல்லை. ஆனால் படிக்கிறவருக்கு ஜிம்மி கண்முன் நிற்கிறது.

அதோடு ஒரு சின்னச் சோதனையும் செய்தாள். இரண்டு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து ஒன்றின் அடியில் பிஸ்கட் வைத்து, கையால் சுட்டிக் காட்டினாள். மோப்பத்தில் கண்டுபிடிக்காமல் இருக்க இரண்டிலும் பிஸ்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். ஜிம்மி எப்போதும் வலப்பக்கம்தான் போனது. எந்தப் பக்கம் காட்டினாலும் வலப்பக்கம். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டபின்தான் புரிந்தது, வலப்பக்கம் பாட்டியின் அடுப்படிக் கதவு! எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து செய்தாள். ஜிம்மி இப்போது இடப்பக்கம் போனது.

இரண்டாம் கடிதத்தில் அன்பு என்ற சொல்லே இல்லை. பத்தாம் நாள் குறிப்பையும் கொட்டாங்குச்சித் தோல்வியையும் அரைப்பக்கத்தில் எழுதி, விரிவுரையாளர் வெளியிட்ட கட்டுரை ஒன்றைப் படித்து அதில் புரியாத ஓரிடத்தைக் கேட்டிருந்தாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. நேரில் பார்த்தபோது அவர் கேட்டது கொட்டாங்குச்சியைப் பற்றித்தானாம். தப்பு எங்கே என்று தானே கண்டுபிடித்த மாணவியை விட்டுவிட அவருக்கு மனமில்லை என்று நினைக்கிறேன்.

கூடத்துக்குள்

ஆய்வுக்கூடம் என்றதும் நாயோடு விளையாடிக்கொண்டிருக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். முதல் ஆறு வாரம் அவள் எந்த நாயையும் தொடவில்லை. நாய் வளர்ப்பவர்களுக்கு போன் செய்து நேரம் குறித்தாள், தடுப்பூசி அட்டையைச் சரிபார்த்தாள், ஒரு நாய் போனதும் அடுத்தது வருமுன் மணம் தங்காதபடி தரையைத் துடைத்தாள். அப்புறம் நாயின் உடலைப் படிக்கும் பயிற்சி. குரைக்கிற நாய் கடிக்காது என்று நாம் சொல்லிக்கொண்டே வளர்ந்தோம். அங்கே முதல் நாளே அதை மறக்கச் சொன்னார்கள். வால் ஆடினாலும் உடம்பு விறைத்திருந்தால் கை நீட்டாதே, கொட்டாவி எல்லாம் தூக்கத்துக்காக இல்லை, கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிந்தால் விலகி நில்.

கூடத்தில் நடந்த சோதனை, ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஏத்வஷ் லோரண்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஒரு சோதனையின் வழியில் வந்தது. அங்கே 1994இல் வில்மோஷ் சானி, ஆடம் மிக்லோஷி, யோஷெஃப் டோபால் ஆகியோர் குடும்ப நாய்களை ஆராயத் தொடங்கினார்கள். அதுவரை விஞ்ஞானிகள் பலர் வீட்டு நாயை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை, பழக்கத்தில் கெட்டுப்போன ஓநாய் என்று ஒதுக்கினார்கள். 2003இல் அந்தக் குழு வெளியிட்ட சோதனையில், கயிற்றை இழுத்தால் இறைச்சி வரும் என்று நாய்களுக்கும் மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களுக்கும் பழக்கினார்கள். அப்புறம் கயிற்றை இழுக்க முடியாதபடி கட்டிவிட்டார்கள். ஓநாய் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தது. நாய் கொஞ்ச நேரத்தில் திரும்பி மனிதரின் முகத்தைப் பார்த்தது.

திரும்பிப் பார்ப்பதை எண்ணவேண்டும். எளிது போலத் தோன்றும். அவள் எண்ணியதும் இன்னொரு மாணவி எண்ணியதும் ஒத்துப்போகவே இல்லை. இரண்டு பேரும் டூரின் பல்கலைக்கழகத்தில் உருவான போரிஸ் என்ற இலவச மென்பொருளில் ஒரே வீடியோவைத் தனித்தனியாகப் பார்த்துக் குறித்தார்கள். ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்கக்கூடாது. ஒரு ஸ்பானியல் நாயின் இரண்டு நிமிட வீடியோவுக்காக ஒரு மத்தியானம் முழுக்கப் போனதாம். கழுத்து திரும்பத் தொடங்கும்போதே பார்வை தொடங்கிவிட்டது என்று எண்ணினாள் இவள். மூக்கு உரிமையாளரின் நேர்கோட்டுக்கு வந்தபிறகுதான் எண்ணினாள் மற்றவள். நாய் திரும்பும் வழியில் கதவையும் பார்க்கிறது. கதவைப் பார்த்தது கணக்கா, இல்லையா? படம் படமாக நிறுத்திப் பார்த்து, மூக்கு நேர்கோட்டுக்கு வந்தால்தான் கணக்கு என்று எழுதிவைத்து, முதலிலிருந்து எல்லா வீடியோவையும் மறுபடி குறித்தார்கள். தற்செயலாக ஒத்துப்போகும் பங்கைக் கழித்துவிட்டு உடன்பாட்டை அளக்கும் காப்பா என்ற எண் அதன்பிறகுதான் ஏறியது.

அந்த இன்னொரு மாணவி மலாய்க்கார முஸ்லிம் பெண். நாயின் எச்சில் பட்டால் மண் கலந்த நீரும் சேர்த்து ஏழு முறை கழுவவேண்டும் என்பது அவர்கள் மார்க்கம். அதனால் வீடியோ குறிக்கும் வேலையை மட்டும் கேட்டு வந்தவள். நாயைத் தொடாமலே நாய் ஆய்வில் அந்தக் கூடத்தின் மிக நுணுக்கமான கண் அவளுடையது என்று எங்கள் பெண் சொல்கிறாள். நம் நாட்டில் இந்தத் துறை வளரவேண்டுமானால் இப்படி வேலையைப் பிரித்துக்கொள்ளும் பக்குவம் எல்லாக் கூடத்திலும் வேண்டும்.

நாய் உள்ளே இருக்கும்போது உரிமையாளர் என்ன செய்யவேண்டும் என்பதும் பெரிய பாடம். 1904இல் பெர்லினில் கெட்டிக்கார ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே நம்பியபோது, ஆஸ்கர் பஃபங்ஸ்ட் அதை ஆராய்ந்து, கேட்பவரின் தலை அசைவைப் பார்த்துத்தான் குதிரை குளம்பைத் தட்டுவதை நிறுத்துகிறது என்று கண்டார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. அதனால்தான் பல கூடங்களில் உரிமையாளருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடுகிறார்கள். எங்கே தீனி இருக்கிறது என்று அவருக்குச் சொல்வதும் இல்லை.

சனிக்கிழமை

இரண்டாம் வருட நடுவில் மூன்று வாரம் அவள் கூடத்துக்குப் போகவில்லை. காரணம் சனிக்கிழமை.

நாய் வளர்ப்பவர்கள் சனி ஞாயிறுதான் வருவார்கள். ஆகவே சோதனையும் அன்றுதான். அவளுக்குச் சனிக்கிழமை ஒரு துணிக்கடையில் பகுதிநேர வேலை. பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் கட்டணத்துக்கும் ஹாஸ்டலுக்கும் போக, மிச்சச் செலவு அந்தக் கடைச் சம்பளத்தில்தான் ஓடியது. கூடத்தில் அவள் தன்னார்வலர். சம்பளம் கிடையாது, சாப்பாட்டுக்கும் ஒன்றும் கிடையாது. முதல் இரண்டு மாதம் கடையில் பொய் சொல்லி லீவு போட்டாள். அப்புறம் கடை முதலாளி கண்டித்துவிட்டார். கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள், யாரிடமும் சொல்லாமல்.

எனக்கு இதில் கோபம் உண்டு. மாணவரைச் சேர்க்கும்போது வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தக் கிழமை, காசு உண்டா இல்லையா என்று முதல் வரியிலேயே எழுதவேண்டும். உலகில் பல கூடங்கள் குறைந்தது ஒரு பருவமாவது தொடர்ந்து வரவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. இங்கே அதை யாரும் சொல்லவில்லை. சும்மா வேலை செய்ய வசதி உள்ள பிள்ளைகள் மட்டும் தங்கினால், அந்தத் துறையில் நாளைக்கு யார் இருப்பார்கள்? அப்பா அம்மா காசு அனுப்பக்கூடியவர்கள் மட்டும்தான்.

நம் பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது. காசு விஷயம் பேச நம் பிள்ளைகளுக்கு நா எழாது. அவளை நான்தான் வற்புறுத்தி அனுப்பினேன். போய்ச் சொன்னதும் விரிவுரையாளர் கேட்டது: "இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?" வீடியோ குறிக்கும் வேலைக்குக் கிழமை கிடையாது. ராத்திரி பதினொரு மணிக்கு ஹாஸ்டலில் உட்கார்ந்தும் செய்யலாம். சோதனை நாளுக்குப் பதில் வாரம் எட்டு மணி நேரம் வீடியோ என்று மாற்றிக்கொண்டார்கள். மூன்றாம் வருடம் ஆய்வு நிதியிலிருந்து ஒரு சிறு தொகையும் கிடைத்தது. தொழில்துறைப் பயிற்சியையும் அங்கேயே முடித்தாள்.

இதைப் படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தன்னார்வலர், பயிற்சி மாணவர், இறுதியாண்டு ஆய்வு, சம்பள உதவியாளர் என்று ஒரே கூடத்தில் பல வாசல் இருக்கிறது. ஒரு வாசல் ஒத்துவராவிட்டால் அடுத்தது எது என்று கேட்கலாம். வியன்னாவிலும் புடாபெஸ்டிலும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலும் இதே வேலை நடக்கிறது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு முதல் வாசல் சொந்தப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கும். அங்கே நாய்க்கூடம் இல்லையென்றால், பறவை பார்க்கிறவரிடமோ குரங்கு பார்க்கிறவரிடமோ போகலாம். பார்த்து எழுதும் முறை ஒன்றுதான்.

"மஜ்லிஸ்ல இருந்து வந்தியா?"

இறுதியாண்டு ஆய்வுக்குத் தோட்டத்து நாய்களையே எடுக்கிறேன் என்றாள். கூடங்களில் சோதிக்கப்படும் நாய்களில் பெரும்பாலானவை வீட்டுக்குள் வளர்பவை. கட்டாமல் திரியும் நாய்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அதில் முன்னால் நிற்பது கொல்கத்தாவின் ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு. தெரு நாய்களும் மனிதர் சுட்டிக் காட்டும் திசையைப் புரிந்துகொள்கின்றன என்று 2020இல் காட்டினார்கள். ஏறக்குறையப் பாதி நாய்கள் கிட்டவே வரவில்லை, வரத் துணிந்தவற்றில் சுமார் 80 விழுக்காடு சரியான கிண்ணத்துக்குப் போயின. பழக்கம் யாரும் கொடுக்காமலே. ஜிம்மிக்குத் தன் கை தெரியவில்லையா, அடுப்படிதான் பெரிதாகத் தெரிந்ததா என்று அவளுக்குப் பழைய கேள்வி மறுபடி எழுந்தது.

பார்ப்பதற்கு மட்டும்தானே, என்ன அனுமதி என்று நான் நினைத்தேன். நெறிமுறைக் குழுவின் படிவத்தை நிரப்பவே ஒரு மாதம். நாய்க்குத் தொல்லை வருமா, 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்துக்கு ஒத்துவருமா, நாய் கடித்தால் மாணவி எங்கே போவாள், முன்கூட்டியே வெறிநாய்த் தடுப்பூசி போட்டாயிற்றா? கடைசிக் கேள்வி சடங்குக்காக அல்ல. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநோய் வந்தது, பின்னிரண்டும் பேராக்குக்குப் பக்கத்து மாநிலங்கள். 2017இல் சரவாக்கில் தொடங்கியது மனித உயிர்களையும் வாங்கியது. எந்த ஆய்வும் ஒரு பிள்ளையின் உயிருக்கு மேல் இல்லை. தடுப்பூசிக்கு யார் காசு என்று கேட்டுக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடவேண்டும்.

தோட்ட நிர்வாகத்திடமும் அனுமதி வாங்கி, தாள் செருகிய எழுதும் அட்டையும் பேனாவுமாக லயத்துக்குள் போனாள். ஒரு நாயைக்கூடக் காணோம்! வீடு வீடாகக் கதவு சாத்தியிருந்தது. ஒரு வீட்டுப் பின்பக்கம் சாக்கு மறைப்புக்குள்ளிருந்து குட்டி ஒன்று முனகும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்த அக்கா கேட்டார், "ஏம்மா, மஜ்லிஸ்ல இருந்து வந்தியா?" நகராண்மைக் கழகத்து ஆள் எண்ணிக்கொண்டு போனால் மறுநாள் நாய் பிடிக்கிற லாரி வரும் என்று எல்லாரும் ஒளித்துவைத்திருக்கிறார்கள். அதே தோட்டத்தில் வளர்ந்த பெண்ணையே அந்த அட்டை அந்நியமாக்கிவிட்டது.

மறுநாள் பாட்டி கூடவே நடந்தார். "என் பேத்திதான், படிக்குது. நாய் என்ன பண்ணுதுன்னு எழுதணுமாம், பிடிக்கறதுக்கு இல்ல." ஒவ்வொரு வாசலிலும் அதையே சொன்னார். அட்டையை வைத்துவிட்டுச் சின்ன நோட்டுப் புத்தகமாக மாற்றிக்கொண்டாள். அப்புறம்தான் நாய்கள் வெளியே வந்தன. ஆய்வறிக்கையின் முறையியல் பகுதியில் பாட்டியின் நடையையும் ஒரு பத்தியாக எழுதியிருக்கிறாள். அதை எடுத்துவிடச் சொல்லாத விரிவுரையாளருக்கு என் மரியாதை.

அவள் குறிப்பில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. வேலை முடிந்து மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வரும் நேரம். எல்லா மோட்டாரும் நமக்கு ஒரே சத்தம்தான். வாசலில் படுத்திருந்த ஒரு கறுப்பு நாய் மூன்று மோட்டாருக்குத் தலையைத் தூக்கவில்லை, நான்காவது வளைவில் திரும்புமுன்பே எழுந்து நின்றது. அந்த மோட்டார் அந்த வீட்டுக்காரருடையது. சத்தமா, நேரமா, காற்றில் வந்த வாசமா? எதுவென்று சொல்ல இந்தக் குறிப்பு போதாது என்று அடுத்த வரியில் எழுதியிருக்கிறாள். முதுகலைக்கு அதையே எடுக்க நினைக்கிறாள். இடம் இருக்கிறது, உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறாள், பதில் இன்னும் வரவில்லை.

போன மாதம் அவள் வகுப்புக்கு வந்து ஒரு மணி நேரம் பேசினாள். அன்றிலிருந்து மாணவர்கள் இரண்டு பேர் செவ்வாய்க்கிழமைகளில் அரைமணி முன்னதாகவே வந்து, கோயில் அரசமரத்தடியில் படுத்திருக்கும் நாயைப் பார்த்து எழுதுகிறார்கள். நேற்று அதில் ஒரு பையன் ஓடி வந்தான்.

"டீச்சர், நாய் தூங்கிருச்சு. என்ன எழுத?"

"தூங்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

திரும்பிப் போய்க் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். அப்புறம் குனிந்து எழுதினான்: "5.52. படுத்திருக்கிறது. கண் மூடியிருக்கிறது. இடது காது அசைகிறது."